சரிபாதி

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிய ஓத அட்டவணைதான்
எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மணி.
இன்று வற்றம் பதினொன்று இருபதுக்கு.
அப்படியென்றால் மதியச் சாப்பாடு மூன்றரைக்கு.
நாளை இன்னும் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும்.
பள்ளிக்கூடத்துக்கு இந்தக் கணக்கு புரியாது.
பிள்ளைகளின் வயிற்றுக்குப் புரியும்.

அரோசாக் கழியில், முழங்கால் நீரில் குனிந்து
மட்டி வாருகிறவள் நான், சபேலா.
இடுப்புக் கயிற்றில் ஓர் இரும்பு அளவுகோல் தொங்கும்.
அதன் வாய்க்குள் நழுவி விழுவது
இன்னும் பிள்ளை மட்டி, கடலுக்கே திரும்பிப் போகும்.
சிக்கி நிற்பது கூடைக்கு.

வீட்டில் அப்படி எதையும் திருப்பி அனுப்ப முடியாது.
ஏப்ரலில் வாங்கிய காலணி ஜூனில் வாய் பிளக்கிறது.
பிராய்ஸ் அடுக்களை நிலையில் தலையை இடிக்கிறான்,
இடித்துவிட்டு நிலையைத் திட்டுகிறான்.
தொலைபேசியில் யாரோ ஒரு பெண்
'அம்மா கடலில் இருக்கிறாள்' என்கிறாள்,
அது இரியாவின் குரல் என்று பிடிபட
எனக்கே ஒரு நொடி ஆகிறது.
ஏழு நிமிடம் முந்திப் பிறந்தவள் அவள்.
பதினான்கு வருஷமாக அந்த ஏழு நிமிடத்தை
வட்டிக்கு விட்டுக்கொண்டிருக்கிறாள்.

மருஷாவின் வண்டி ஊதிக்கொண்டே வந்து
கதவில் தொங்கும் துணிப்பையில் ரொட்டியைப் போட்டுப் போகும்.
முன்பு ஒன்று. இப்போது மூன்று.
இரவு பார்த்தால் பையில் பொடிதான் இருக்கிறது.
முந்தாநாள் வைத்த கால்டோ,
கீரையும் உருளையும் வெள்ளைப் பீன்ஸும் குழைந்து
மூன்றாம் நாள்தான் தன் ருசிக்கு வரும் என்பார்கள்.
எங்கள் வீட்டில் அது மூன்றாம் நாளைப் பார்த்ததில்லை.

நான்கு நாற்காலி.
நான்காவதில் பள்ளிப் பைகள் உட்கார்ந்திருக்கின்றன,
அதன் ஆள் அயர்லாந்துக்கு மேற்கே
ஒரு கப்பலில் வலை இழுக்கிறார்.

கைக்குழந்தைகளாய் இருந்தபோது
ஒரு கரண்டி, இரண்டு வாய்.
இவனுக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று,
எனக்கு ஆறிப்போன காப்பி.
அப்போது பழகிய கை இது.
தோர்த்தியாவில் கத்தி வைத்தால்
கோடு நடுவில்தான் ஓடும்.
ஏலக்கூடத்தில் மட்டி நிறுக்கிறவளுக்குக் கிராம் பிசகாது.
அவளுக்குக் கூட, எனக்குக் குறைய என்ற சொல்
என் மேசையில் விழவே கூடாது.
அது விழுந்துகொண்டே இருந்த மேசையில்
வளர்ந்தவள் நான்.

நேற்று முள்கரண்டி தவறி விழுந்தது.
எடுக்கக் குனிந்தேன்,
காலையெல்லாம் குனிந்த அதே முதுகு, பாதியில் பிடித்துக்கொண்டது.
குனிய முடியாமல் சட்டென்று நிமிர்ந்தேன்.

அவனுடைய சிவந்த சோரிசோத் துண்டு
அவள் தட்டுக்குப் பாதி வழி வந்திருந்தது.
அவளுடைய இரண்டு உருளைகள் ஏற்கெனவே அவனிடம்.
ரொட்டியின் மொறுமொறு முனை
யார் கையில் என்று சொல்ல முடியாதபடி காற்றில்.
பேச்சில்லை, பார்வைகூட இல்லை.
சீட்டுக் கலைக்கிறவனின் விரல் மாதிரி
அத்தனை பழகிய வேகம்.

'எத்தனை நாளாக?' என்றேன்.

'எப்பவுமேதான்' என்றாள் இரியா.

'நீ குனியும்போதெல்லாம்' என்றான் பிராய்ஸ், வாய் நிறைய.

நான் எத்தனை முறை குனிந்திருப்பேன்.
அடுப்பில், பாத்திரத் தொட்டியில், விழுந்த துண்டுக்கு.
என் முதுகுக்குப் பின்னால்
இன்னொரு சந்தை நடந்திருக்கிறது,
தராசு இல்லாமல், நட்டம் இல்லாமல்.

கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.
வரவில்லை.
பாத்திரம் கழுவினேன்.

இன்று இரவு தோர்த்தியாவை
வெட்டாமல் முழுசாக நடுவில் வைத்தேன்.
பக்கத்தில் கத்தி.
நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுபோல.

இருவரும் தட்டைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள்.
ஏதோ வேலைநிறுத்தத்தில் மாட்டிக்கொண்ட பயணிகள் போல
கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

'வெட்டும்மா' என்றான் பிராய்ஸ்.
'நீ சரியா வெட்டினாத்தானே
நாங்க மாத்திக்க முடியும்.'

வெட்டினேன்.
கோடு நடுவில்தான் ஓடியது.
ஆளுக்குப் பாதி வைத்தேன்,
எனக்கு நேற்றைய மீதி.

பிறகு
முள்கரண்டியைக் கீழே போட்டேன்,
தேட
கொஞ்சம் நேரமெடுத்துக்கொண்டேன்.